பாசியும் குற்றமும்

குருசடைத் தீவில் பவளத்தைக் கொன்றது ஒரு பாசி என்று சொல்வது விஞ்ஞான ரீதியில் சரியான வாக்கியம். தார்மிக ரீதியில் அதற்கு ஏதேனும் அர்த்தம் உண்டா என்பது என் சந்தேகம். ‘கொன்றது’ என்ற வினை ஓர் எழுவாயைக் கேட்கிறது. பக்கத்தில் கிடக்கும் பாசியை இலக்கணம் அந்த இடத்தில் உட்கார வைத்துவிடுகிறது. இலக்கணம் தன் பாட்டுக்குச் செய்துவைக்கும் இக்காரியத்தை நாம் நியாயத் தீர்ப்பு என்று எடுத்துக்கொண்டு விடுகிறோம். மொழியை வைத்துப் பிழைப்பவர்கள், அல்லது மொழியை வைத்துப் பிழைக்க முடியாது என்று தெரிந்தும் அதை விடாதவர்கள், இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

மதுரையில் உட்கார்ந்துகொண்டு கடலைப் பற்றி எழுதுவதற்குச் சமாதானம் ஏதும் சொல்லப்போவதில்லை. வைகை போய்ச் சேர வேண்டிய கடலின் அடுத்த பக்கம் அது. (பெரும்பாலான வருஷங்களில் வைகை ராமநாதபுரம் பெரிய கண்மாயோடு நின்றுவிடுகிறது என்பது வேறு விஷயம்.) தவிரவும், குருசடையில் நடந்ததை 2008இல் ‘கரண்ட் சயின்ஸ்’ இதழில் எழுதி உலகத்துக்குத் தெரிவித்தவர்கள் மதுரைக்காரர்கள்தாம், காமராசர் பல்கலைக்கழகத்திலிருந்து போய்க் கடலில் இறங்கிப் பார்த்தவர்கள்.

விஷயம் இதுதான். ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள். அவற்றில் இரண்டு, சுற்றியிருந்த முருகைக்கல்லை வெட்டி வெட்டி எடுத்ததில் காப்பு இழந்து நீருக்குள் போய்விட்டன. 1986இல் இப்பகுதி கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவாயிற்று. பாம்பனுக்குப் பக்கத்திலுள்ள குருசடை இவற்றில் மிகவும் அறியப்பட்டது. சென்னை அருங்காட்சியகம் அதன் கரையோர உயிர்களைப் பற்றி 1927லேயே ஒரு தனி நூல் வெளியிட்டிருக்கிறது. கப்பாஃபைகஸ் அல்வரெஸி என்ற சிவப்புப் பாசி இந்தக் கடலுக்கு உரியதில்லை. பிலிப்பைன்ஸ் பக்கத்து வித்து ஜப்பான் வழியாக 1980களில் இந்தியா வந்தது. கொண்டுவந்தது மத்திய உப்பு, கடல்சார் வேதியியல் ஆராய்ச்சி நிலையம். குஜராத்தில் வளர்த்துப் பார்த்துவிட்டு 1995ஐ ஒட்டி மண்டபத்துக்குக் கொண்டுவந்தார்கள். 2000ஐ ஒட்டிப் பெப்ஸி நிறுவனம் இதில் இறங்கியது. ஐஸ்கிரீமையும் பற்பசையையும் கெட்டியாக நிற்க வைக்கும் காராஜீனன் என்ற பசை இப்பாசியிலிருந்து கிடைக்கிறது. கரையில் அதற்கு இன்றைக்கும் பெயர் ‘பெப்சி பாசி’. தாவரவியல் பெயரைவிட உண்மையான பெயர் என்று எனக்குப் படுகிறது. யார் கொண்டுவந்தது என்பதை அது மறைக்கவில்லை.

இந்தப் பாசி பரவ விதை வேண்டாம், வித்துத்தூள் வேண்டாம். அலையில் ஒரு துண்டு ஒடிந்து போனால் போதும். அது தங்கும் இடத்தில் முழுப்பாசியாகிவிடும். குருசடையில் அது மான்கொம்பு போலக் கிளைத்த அக்ரோபோராப் பவளங்களின் நுனிகளில் தொற்றி, கிளை இடுக்குகளை அடைத்து, மேலே கனத்த பாய் மாதிரிப் படர்ந்தது. பவளம் என்பது கல் இல்லை. கல்லைத் தன்னைச் சுற்றிக் கட்டிக்கொள்ளும் ஒரு சின்னஞ்சிறு பிராணி. அதன் சதைக்குள் நுண்பாசிகள் குடியிருந்து வெயிலில் உணவு செய்து அதற்குக் கொடுக்கின்றன. மேலே பாய் விரித்தால் வெளிச்சம் போகிறது. வெளிச்சம் போனால் உள்ளே இருக்கும் பாசி போகிறது, பிறகு பிராணி போகிறது, கடைசியில் கல் உதிர்கிறது. ஒரு பாசி இல்லாமல் வாழ முடியாத பிராணியை இன்னொரு பாசி கொல்கிறது. பின்னால் அருகிலிருக்கும் சிங்கிள் தீவிலும் இதைப் பார்த்தார்கள்.

இதை என்ன சொல்லி அழைக்கிறோம்? விஞ்ஞானிகள் ‘படையெடுப்பு’ என்கிறார்கள். இந்த வார்த்தையை நிலைநிறுத்தியது சார்லஸ் எல்ட்டன் என்ற ஆங்கிலேயர் 1958இல் எழுதிய புத்தகம். ஒரு மகாயுத்தம் முடிந்து, அணுகுண்டின் நிழலில் எழுதப்பட்ட புத்தகம். அவருடைய தலைமுறை எதைப் பார்த்தாலும் படையாகவும் வெடிப்பாகவும் பார்த்ததில் வியப்பில்லை. தமிழில் நாம் ‘ஆக்கிரமிப்பு’ என்கிறோம். இது தாலுகா ஆபீஸ் வார்த்தை. புறம்போக்கில் குடிசை போட்டவனுக்கு வரும் நோட்டீசில் இருக்கும் வார்த்தை. இங்கிலீஷ்காரனுக்குப் பாசி பட்டாளம். நமக்கு அது பட்டா இல்லாத ஆள். இரண்டு சமூகங்களின் பயங்கள் எவ்வளவு துல்லியமாக வேறுபடுகின்றன என்று இதை வைத்தே ஒரு கட்டுரை எழுதலாம்.

மூன்றாவதாக ஒரு வார்த்தை இருக்கிறது: வந்தேறி. இது சுத்தத் தமிழ் வார்த்தை, பாசிக்காக உண்டானதும் இல்லை. மனிதர்களைப் பார்த்துச் சொல்வதற்கென்று வைத்திருந்ததைக் கொஞ்ச காலமாக மரத்துக்கும் மீனுக்கும் கடன் கொடுத்திருக்கிறோம். கடன் கொடுத்த வார்த்தை வட்டியோடு திரும்பி வரும். மரத்தின் மேல் விஞ்ஞானத்தின் சம்மதத்தோடு பிரயோகித்துப் பழகிய ஒரு சொல், மறுபடி மனிதன் மேல் விழும்போது அந்தச் சம்மதத்தையும் கூடவே எடுத்துக்கொண்டு வருகிறது. ‘இயற்கையே அப்படித்தானே’ என்று ஒருவன் மேடையில் சொல்லலாம், கைதட்டும் விழும்.

இந்த இடம் மண்டபம் என்பதை மறந்துவிட்டுப் பேசக்கூடாது. பாசி இறங்கிய அதே மண்டபத்தில்தான், வெள்ளைக்காரன் காலத்தில், இலங்கைத் தோட்டங்களுக்குப் போகும் கூலிகளை நிறுத்தி வைத்துத் தொற்றுநோய் இருக்கிறதா என்று பார்த்து அனுப்பும் முகாம் இருந்தது. போனவர்களின் பேரன் பேத்திகளை 1948இன் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் எந்த நாட்டுக்காரரும் இல்லாதவர்களாக்கியது. சுமார் 7 லட்சம் பேர். 1964இல் இரண்டு பிரதம மந்திரிகள் உட்கார்ந்து 5,25,000 பேர் உனக்கு, 3,00,000 பேர் எனக்கு, மீதி 1,50,000 பேரைப் பிற்பாடு பார்த்துக்கொள்வோம் என்று பிரித்துக்கொண்டார்கள். அங்கே வந்தேறி என்று அனுப்பப்பட்டவன் இங்கே ‘சிலோன்காரன்’ ஆனான். 1983க்குப் பிறகு அதே மண்டபத்தில் அகதிகள். இந்த மணலில் நின்றுகொண்டு, யார் முதலில் வந்தது என்பதைத் தார்மிகக் கேள்வியாகக் கேட்பதற்குக் கொஞ்சம் தடித்த தோல் வேண்டும்.

ஆனால் இதைச் சொல்லிவிட்டு மனிதாபிமானத்தோடு எழுந்து போய்விடுவது சௌகரியமான காரியம். பவளம் செத்தது செத்ததுதான். வார்த்தை அசிங்கமாக இருக்கிறது என்பதால் அது சுட்டும் விஷயம் பொய்யாகிவிடாது. நம்முடைய விமர்சகர்களில் பலர் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள்: ஒரு உருவகத்தைக் கலைத்துக் காட்டியதும் பிரச்னையையே கலைத்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள்.

பிறப்பிடத்தைக் குற்றமாக வைத்துக்கொள்வது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குப் பவளங்களிலேயே இரண்டு உதாரணங்கள் இருக்கின்றன. டியூபஸ்ட்ரேயா என்ற ஆரஞ்சு நிறச் சூரியப் பவளம் நம் இந்தியப் பெருங்கடலும் பசிபிக்கும் சேர்ந்த பரப்பைச் சொந்த ஊராகக் கொண்டது. பெயரில்தான் சூரியன், உடம்புக்குள் நுண்பாசி கிடையாது, வெளிச்சத்தை நம்பி இருக்கவேண்டியதில்லை, மிதந்து வருவதைப் பிடித்துத் தின்று நிழலில்கூடச் செழிக்கும். கப்பலின் அடியிலோ எண்ணெய் மேடையின் காலிலோ ஒட்டிக்கொண்டு அட்லாண்டிக்குக்குப் போய், 1940களில் கரீபியனிலும் 1980களில் பிரேஸிலிலும் காணப்பட்டது. பிரேஸிலில், வேறு எந்தக் கடலிலும் இல்லாத அந்நாட்டுப் பவளங்களைத் தொட்ட இடத்தில் அழுகவைக்கிறது. அங்கே முக்குளிப்பவர்கள் சுத்தியலும் உளியுமாக இறங்கி அதைப் பெயர்த்தெடுக்கிறார்கள். இங்கே அதே பிராணி பாதுகாக்கப்பட வேண்டிய செல்வம். நம் சட்டப்படி அதை ஒடித்தால் சிறை. பிராணியின் சுபாவத்தில் ஏதும் மாறவில்லை. அதைச் சுற்றியிருந்தவை மாறின. அதைத் தின்பவை, அதோடு இடத்துக்குப் போட்டியிடுபவை, அதை அதன் அளவில் வைத்திருந்தவை எல்லாம் ஊரிலேயே நின்றுவிட்டன.

இரண்டாவது உதாரணம் இன்னும் விசித்திரமானது. கரீயோவா ரீஸி என்ற வெண்பூப் போன்ற மென்பவளம் 1972இல் ஹவாயின் பேர்ல் துறைமுகத்தில் பதிவானது. கரீபியனிலிருந்து கப்பலில் வந்தது என்று எல்லாரும் எழுதினார்கள். 2001இல், மௌயித் தீவை ஒட்டிய ஆழத்தில் அது கருப்புப் பவளங்களைப் பெருமளவில் மூடிக் கொன்றிருப்பதைக் கண்டார்கள். பிறகு, 2010இல், மரபணுவைப் பார்த்தவர்கள் சொன்னார்கள்: இது கரீபியனிலிருந்து வந்ததாகவே தெரியவில்லை, இந்தோ-பசிபிக் வழி வந்தது, ஒருவேளை அட்லாண்டிக்குக்குப் போனதுதான் இங்கிருந்து போயிருக்கலாம். வந்த வழி தலைகீழாகிவிட்டது. அடுத்த வருஷமே, 2011இல், அது மன்னார் வளைகுடாவிலும் இருக்கிறது, இங்கே பவளங்களுக்குப் புதிய அபாயம் என்று ‘கரண்ட் சயின்ஸ்’ஸில் எழுதினார்கள். இந்தோ-பசிபிக் அதன் ஊர் என்றால் மன்னார் வளைகுடாவில் அது யார்? ஊர்க்காரனா, வந்தவனா? தீர்ப்பு எதுவானாலும் மௌயின் கருப்புப் பவளங்களுக்கு உயிர் வரப்போவதில்லை. தீங்கு ஒரு பக்கமும் பிறப்புச் சான்றிதழ் வேறொரு பக்கமும் கிடக்கின்றன. இரண்டையும் சேர்த்துத் தைத்தது நாம்.

(புதுக்கவிதையை ‘எழுத்து’ காலத்தில் இறக்குமதிச் சரக்கு என்று சொன்னவர்களை இந்த வட்டத்தில் நினைவூட்ட வேண்டியதில்லை. ஆனால் அந்த ஒப்புமையை நான் வளர்க்க விரும்பவில்லை. மரபுக் கவிதை செத்ததற்கு மேலே பாய் விரிந்தது காரணமில்லை.)

2011இல் பத்தொன்பது சூழலியலாளர்கள் ‘நேச்சர்’ இதழில் கையெழுத்திட்டு ஒரு விஷயம் சொன்னார்கள்: உயிரினங்களை அவை எங்கிருந்து வந்தன என்பதை வைத்துத் தீர்ப்பளிக்காதீர்கள், என்ன செய்கின்றன என்பதை வைத்துத் தீர்ப்பளியுங்கள். நல்ல வாக்கியம். ஆனால் ‘என்ன செய்கின்றன’ என்பதை யார் கணக்கெடுப்பது? பயன் என்று ஆரம்பித்தவுடன் பேரேடு திறந்துவிடுகிறது. பேரேட்டின் முன்னால் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவன் என்ற முறையில் எனக்கு அந்தப் புஸ்தகத்தின் மேல் மரியாதை உண்டு. அது தன் பத்திகளில் இல்லாத எதையும் பார்ப்பதில்லை என்பதும் தெரியும்.

எங்கள் சமவெளியின் விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். மதுரையிலிருந்து மானாமதுரை, பரமக்குடி என்று பஸ்ஸில் போனால் ஜன்னலுக்கு இரண்டு பக்கமும் சீமைக் கருவேலம்தான். அமெரிக்கக் கண்டத்து மரம்; 1877இல் இந்தியாவுக்கு வந்தது. கண்மாய்க்குள், வாய்க்கால் மேட்டில், ஆற்றுப் படுகையில், எங்கும். 2017இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை அதை வேரோடு எடுக்கச் சொல்லி உத்தரவிட்டது. சில மாதங்களுக்குள் சென்னை அமர்வு அந்த வேலையை நிறுத்தி வைத்தது. ஒரு பக்கம் நிலத்தடி நீரைக் குடிக்கிறது என்ற புகார். இன்னொரு பக்கம், முதுகுளத்தூர், கமுதி வட்டாரத்தில் கரிமூட்டம் போட்டு அதை வைத்தே அடுப்பெரிக்கும் குடும்பங்கள். அதே ராமநாதபுரத்து மண்ணில், அதே அமெரிக்காவிலிருந்து வந்த இன்னொன்று விளைகிறது: மிளகாய். போர்த்துக்கீசியர் வருவதற்கு முன் நம் குழம்பில் மிளகுதான் காரம். இன்று ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடு, 2023இல் கொடுத்தார்கள். வந்தேறிக்கு மண்ணின் பெயரே பட்டமாகக் கிடைத்துவிட்டது. யாரும் ஆட்சேபிக்கவில்லை, நானும்தான்.

இரண்டும் வெளியிலிருந்து வந்தவை. வித்தியாசம் எங்கே இருக்கிறது? பயனில் இல்லை, இரண்டும் பயன்படுகின்றன. மிளகாய் மனிதக் கையை விட்டு நிற்பதில்லை. ஒரு பருவம் சம்சாரி வராவிட்டால் அது அந்த நிலத்தில் இல்லை. சீமைக் கருவேலம் சம்சாரி வராத வருஷத்தில்தான் வருகிறது. தூர் வாராத கண்மாய், தரிசு விட்ட புஞ்சை, திருப்பூருக்கோ மலேசியாவுக்கோ போனவனின் கொல்லை. நாம் விட்டுப்போன இடத்தின் அளவை அது பச்சையாக எழுதிக் காட்டுகிறது. அதைப் பகைவன் என்பதைவிடச் சாட்சி என்பது பொருத்தமாயிருக்கும்.

கடலிலும் இதே வாதத்தைப் பொருத்திப் பார்க்க ஆசை வருகிறது. மண்டபம், ராமேஸ்வரம் பக்கத்துப் பழைய சுவர்களில் முருகைக்கல்லைக் கண்ணால் பார்க்கலாம். சுண்ணாம்புக்கும் கார்பைடுக்கும் என்று படகு படகாக வெட்டிப் போனது நாம்தான், எந்தப் பிலிப்பைன்ஸ் பாசியும் இல்லை. பவளங்கள் சட்டத்தின் முதல் பட்டியலில் சேர்ந்தது 2001இல்தான். 1998, 2010, 2016 ஆகிய வருஷங்களில் கடல் சூடேறிப் பவளங்கள் வெளுத்தன. ஆகவே பாசி வெறும் சாட்சி, நாம் கைவிட்ட இடத்தில் வந்து உட்கார்ந்தது என்று சொல்லி முடித்துவிடலாம். முடியாது. குருசடையில் அது ஏறியது செத்த பாறையின் மேல் மட்டும் இல்லை. உயிரோடிருந்த அக்ரோபோராவின் மேலும் ஏறியது. சீமைக் கருவேலத்துக்குச் சரியாக வரும் நியாயம் இங்கே பாதிதான் வருகிறது. மீதிப் பாதிக்கு எனக்கு வேறு வார்த்தை வேண்டியிருக்கிறது.

அந்த வார்த்தை ‘காலம்’ என்று நினைக்கிறேன். ஒரு பவளப்பாரை ‘பூர்வகுடி’ என்று மதிப்பதில் எனக்கு உற்சாகமில்லை. முதலில் வந்தது என்பது வரிசையில் நிற்பவனின் நியாயம், ரேஷன் கடையில் செல்லும். பாரின் மதிப்பு, அதில் ஒன்றோடொன்று பழகிக்கொள்ள எடுத்துக்கொண்ட காலத்தில் இருக்கிறது. கிளையிடுக்கில் ஒளியும் மீன், பாறையைக் கரம்பித் தின்று மணலாக்கும் கிளிமீன், பிராணிக்குள் குடியிருக்கும் நுண்பாசி: இவை ஒவ்வொன்றும் மற்றதன் அளவைத் தெரிந்துவைத்திருக்கின்றன. மிளகாய் நம் மண்ணில் சில நூறு வருஷம் எடுத்துக்கொண்டது, அதுவும் அடுப்படி வழியாக. கப்பாஃபைகஸுக்கு ஒரு சாகுபடி 45 நாள். நாற்பத்தைந்து நாளில் நாலு மடங்காகப் பெருகுவதுதான் அதன் ஒரே தகுதி; அந்தத் தகுதிக்காகத்தான் அதைத் தேர்ந்தெடுத்தோம். எந்த வேகத்துக்காக அதைக் கொண்டுவந்தோமோ அந்த வேகத்தையே பிறகு அதன் குற்றப் பத்திரிகையில் எழுதுகிறோம்.

குற்றத்தின் எழுவாய் இங்கே தென்படுகிறது. கடற்பாசி வளர்ப்புக்குச் சுய உதவிக் குழுக்களுக்கு வங்கிகள் கடன் கொடுத்தன. திட்டம் அழகானது. ஓர் ஆளுக்கு 45 மூங்கில் தெப்பம். ஒவ்வொன்றும் 3 மீட்டருக்கு 3 மீட்டர். தினம் ஒரு தெப்பத்தை அறுத்து மறுபடி கட்டினால், 45ஆம் நாள் முதல் தெப்பம் திரும்பத் தயார். கடலைக் காலண்டராக்கிய இந்தக் கணக்கை உண்டாக்கியவரைப் பாராட்டத்தான் வேண்டும். அந்தத் திட்டப் படிவத்தில் மூங்கிலுக்குப் பத்தி உண்டு, கயிற்றுக்கு உண்டு, வித்துப்பாசிக்கு உண்டு, நங்கூரத்துக்கு உண்டு, தவணைக்கு உண்டு. ஒடிந்து போகும் துண்டுக்குப் பத்தி இல்லை. யாரும் அதை மறைக்கவில்லை. படிவத்தின் கண்ணுக்கு அது நஷ்டமும் இல்லை, செலவும் இல்லை, ஆகவே அது இல்லை. தீமைக்கு முகம் இருந்தாக வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்கள் நாவல் எழுதலாம். இங்கே ஆராய்ச்சி நிலையம் ஆராய்ந்தது, கம்பெனி வாங்கியது, வங்கி கடன் கொடுத்தது, அரசு உத்தரவிட்டது. ஒவ்வொருவரும் தன் பத்தியைச் சரியாகப் பூர்த்தி செய்தார்கள். ‘படையெடுப்பு’ என்ற வார்த்தை இத்தனை கையெழுத்துக்களையும் அழித்துவிட்டுப் பாசியின் கட்டைவிரலை மையில் தோய்க்கிறது.

2005 கடைசியில் அரசு, பாக் நீரிணையின் வடபகுதியிலும் தூத்துக்குடிக்குத் தெற்கேயும் மட்டும் இப்பாசியை வளர்க்கலாம் என்றது. கடலில் கோடு போடுவதன் பரிதாபத்தை விவரிக்க வேண்டியதில்லை. 2013ஐ ஒட்டி வெப்பமும் நோயும் சேர்ந்து தெப்பங்களில் பாசியையே பெருமளவு அழித்தன. இப்போது மறுபடி திட்டங்கள்: ராமநாதபுரம் மாவட்டத்தில் வளமாவூரில் கடற்பாசிப் பூங்காவுக்கு 2023இல் அடிக்கல் வைத்தார்கள்.

இதில் பெண்கள் இருக்கிறார்கள். இவ்வளவு நேரம் அவர்களைச் சொல்லாமல் வந்தேன், ஏனென்றால் அவர்களைச் சொன்னவுடன் வாதம் கோணலாகிவிடும் என்று தெரியும். பாம்பன், சின்னப்பாலம் பக்கத்துப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் கடலில் முங்கிப் பாசி எடுப்பவர்கள். மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை என்று இந்தக் கடலின் பாசிகளுக்குப் பெயர் வைத்திருப்பவர்கள் அவர்களே. விரலில் துணி சுற்றிக்கொண்டு, தகரத் தட்டைக் காலில் கட்டிக்கொண்டு முங்குகிறார்கள். தீவுகள் தேசியப் பூங்காவான பிறகு அவர்கள் அங்கே போனால் அத்துமீறல். பவளம் இந்த மண்ணுக்குரியது, பாசி இந்த மண்ணுக்குரியது, அவர்களும் இந்த மண்ணுக்குரியவர்கள்; ஆனால் மூன்றில் ஒன்றைக் காப்பாற்ற இன்னொன்றை வெளியே நிறுத்தினோம். மாதத்தில் 12 நாள் மட்டும் எடுப்பது என்று தங்களுக்குள் கட்டுப்பாடு வைத்துக்கொண்டு கடலுக்கு ஓய்வு கொடுத்தவர்கள் அந்தப் பெண்கள்; 2015இல் அவர்கள் தலைவி லட்சுமி மூர்த்திக்கு வெளிநாட்டில் பரிசுகூடக் கிடைத்தது. காலத்தோடு பழகியவர்களின் அளவு இப்படித்தான் இருக்கும் என்று நான் மேலே சொன்னதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. இருந்தும், இவர்களைப் போன்றவர்களுக்கு மாற்றுத் தொழில் என்று நீட்டப்பட்டது பெப்சி பாசிதான். தெப்பம் கட்டியவளிடம் போய், நீ கட்டியது பவளத்தைக் கொல்லும் என்று சொல்ல யாருக்கு யோக்கியதை?

எனக்கு இல்லை. ஆனாலும் குருசடையில் பாசியைப் பிடுங்கத்தான் வேண்டும் என்பேன். அதை வந்தேறி என்று சொல்லாமல், அதன்மேல் கோபப்படாமல், பிடுங்க வேண்டும். கோபமில்லாமல் ஒன்றை அழிப்பது சாத்தியமா, அப்படிச் செய்வது கோபத்தோடு செய்வதைவிட நல்லதா, கெட்டதா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். வனத்துறை ஆட்கள் அதைக் கையால்தான் எடுக்கிறார்கள். ஹவாயில் இதற்கென்று கடலுக்கடியில் உறிஞ்சும் யந்திரம் செய்து பார்த்தார்கள். எதில் எடுத்தாலும் பவளக் கிளையின் இடுக்கில் ஒரு துண்டு தங்கினால் போதும், மறுபடி வந்து எடுக்க வேண்டும். எடுத்ததைக் கடலில் போட முடியாது. படகில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுவந்து, வெயிலில் காய வைக்க வேண்டும். காய்ந்த பாசிக்குக் கிலோ இவ்வளவு என்று விலை இருக்கிறது.